பழைய கார் இக்னிஷன்: பாயிண்ட்டா, மாட்யூலா, புரோகிராம் டிஸ்ட்ரிபியூட்டரா, கிராங்க் சென்சாரா?

"எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டாச்சு. ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கிறது. ஆனால் மேடு ஏறும்போது இன்ஜின் தட்டுகிறது, கீழ் ஆர்பிஎம்மில் இழுவையும் இல்லை. இன்னும் என்ன மாற்ற வேண்டும்?" பழைய கார் வைத்திருப்பவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) எடைத்துண்டும் ஸ்பிரிங்கும் இன்னும் இருக்கின்றனவா? இருக்கின்றன என்றால் மாறியது சுவிட்ச் மட்டும். டைமிங்கை முடிவு செய்வது இன்னமும் அந்தப் பழைய ஸ்பிரிங்தான்.

இக்னிஷனில் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலில் ஓடும் கரண்டைச் சட்டென்று துண்டிப்பது ஒன்று. எப்போது துண்டிப்பது என்று முடிவெடுப்பது இன்னொன்று. "எலக்ட்ரானிக்" என்ற ஒரே பெயரில் இரண்டுக்குமான சாமான்கள் விற்கப்படுவதால்தான் இத்தனை குழப்பம். முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவதை எதிர்பார்த்து ஏமாறுபவர்களே அதிகம்.

## டைமிங் ஏன் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்

பிளக்கில் பொறி விழுந்ததும் கலவை பற்றி எரிந்து அழுத்தம் உச்சத்துக்கு வர ஏறக்குறைய 2 மில்லிசெகண்ட் ஆகும். பிஸ்டன் மேல் முனையைத் தாண்டி, கிராங்க் சுமார் 15 டிகிரி திரும்பியிருக்கும்போது அந்த உச்சம் வந்தால் தள்ளு முழுசாகக் கிடைக்கும். 1000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லிசெகண்டுக்கு 6 டிகிரி சுற்றுகிறது. 4000-இல் 24 டிகிரி. ஆகவே வேகம் கூடக் கூடப் பொறியை முன்கூட்டியே போட வேண்டும். இதுதான் அட்வான்ஸ். மேல் வேகத்தில் சிலிண்டருக்குள் கலவை சுழல்வதும் அதிகமாகி எரிவதும் விரைவாவதால், பல பழைய இன்ஜின்களில் 3000 முதல் 4000-க்குள் மொத்த அட்வான்ஸ் 30, 35 டிகிரியில் நின்றுவிடும்.

வேகம் மட்டும் போதாது, சுமையும் கணக்கில் வர வேண்டும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் சமமான ரோட்டில் ஓடும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, மெதுவாக எரியும். இன்னும் 10, 15 டிகிரி முன்னால் போட்டாலும் தாங்கும். மேட்டில் முழுசாக மிதித்தால் சிலிண்டர் நிரம்பிவிடும், எரிவது வேகமாகும். அந்தக் கூடுதல் அட்வான்ஸ் அப்படியே நின்றால் தட்ட ஆரம்பிக்கும், அதாவது கலவை ஒரேயடியாக வெடித்துச் சத்தம் எழுப்பும். வேகத்துக்கு, சுற்றும்போது வெளியே விரியும் எடைத்துண்டு; சுமைக்கு, இன்ஜின் உறிஞ்சும்போது நகரும் வாக்குவம் டயாஃப்ரம். இந்த இரண்டை வைத்துத்தான் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் கணக்குப் போட்டது. நினைத்துப் பார்த்தால் இரண்டு ஸ்பிரிங், ஒரு ரப்பர் சவ்வு, அவ்வளவுதான். அதற்கு இது அபாரமான வேலை.

ஆனால் அந்தக் கணக்கு, கார் செய்யப்பட்ட காலத்துப் பெட்ரோலுக்குப் போட்டது. ஈயம் போய், பல இடங்களில் எத்தனாலும் கலந்து வரும் இன்றைய பெட்ரோலுக்கு அதே அட்வான்ஸ் வளைவு (எந்த வேகத்தில் எத்தனை டிகிரி என்ற கோடு) அப்படியே பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். பொறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் விழுகிறதா? அட்வான்ஸ் வளைவை என்னால் மாற்ற முடியுமா? வழியில் நின்றால் கையில் இருப்பதை வைத்துச் சரிசெய்ய முடியுமா? பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்க முடியுமா? அப்புறம், பெட்டியின் விலையோடு சேர்ந்து வரும் மற்ற செலவுகள் என்ன?

கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் தாமதமாகக் கேட்கிறார்கள். காயில், பிளக் வயர், ஆர்பிஎம் மீட்டர், பேட்டரியின் பூமி இணைப்பு என ஒன்று மாறினால் இன்னொன்றும் கூடவே வரும்.

## வாங்குவதற்கு முன்னால் டைமிங் லைட்டைக் கையில் எடுங்கள்

டைமிங் லைட் என்பது பொறி விழும் ஒவ்வொரு முறையும் மின்னும் விளக்கு. கிராங்க் புல்லியில் இருக்கும் கோட்டைத் துடைத்து வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு கீறல் போடுங்கள். வாக்குவம் ஹோஸைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு, ஐடிலில் லைட்டைப் பிடியுங்கள். கோடு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். முன்னும் பின்னும் மூன்று நான்கு டிகிரி ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டின் புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது. மெல்ல ஆர்பிஎம்மைக் கூட்டினால் கோடு வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். விட்டால் அதே வழியில் இறங்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் எடைத்துண்டு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏறியது இறங்காமல் நின்றால் ஸ்பிரிங் அறுந்தோ நீண்டோ போயிருக்கிறது.

பிறகு இன்ஜினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்து, வாக்குவம் ஹோஸின் முனையை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். உள்ளே தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். திரும்பி வந்துவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

இன்னொன்று. புல்லி ரப்பர் வைத்த டேம்பர் வகையாக இருந்தால், ரப்பர் விட்டுப்போய் வெளி வளையம் நழுவியிருக்கலாம். அப்போது கோடே பொய் சொல்லும். பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் வைத்து, இரு பக்கமும் சுற்றி, நடுப்புள்ளியை எடுத்து உண்மையான மேல் முனையைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அரை மணி நேர வேலையைச் செய்யாமல் எந்தப் பெட்டி வாங்கினாலும் தவறான கோட்டை வைத்துத்தான் டைமிங் வைப்பீர்கள்.

## வழி 1: பாயிண்ட்டை வைத்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரைப் புதுப்பிப்பது

சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் 1912 கடிலாக்கில் வந்தது. பாயிண்ட் (கேம் சுற்றும்போது திறந்து மூடும் சிறு சுவிட்ச்), கண்டென்சர், காயில் என்ற அந்த அமைப்புதான் அறுபதாண்டுக்கு மேல் உலகம் முழுவதும் ஓடியது. மோசமான அமைப்பு இவ்வளவு காலம் ஓடியிருக்காது.

பிரச்சினை தேய்மானம். பாயிண்ட்டின் குதிகால் கேம் மீது உரசித் தேயத் தேய, இடைவெளி குறைந்து டிவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) கூடும். டிவெல் ஒரு டிகிரி கூடினால் டைமிங் கிராங்கில் ஏறத்தாழ ஒரு டிகிரி பின்வாங்கும். இது ஒரே நாளில் தெரியாது. ஆறு மாதம் கழித்து "முன்னே போல இழுக்கவில்லையே" என்று தோன்றும். ஃபீலர் கேஜ் எடுத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் என்று (லூகாஸ் வகைகளில் வழக்கமான அளவு இது) வைத்துவிட்டால் திரும்ப வந்துவிடும்.

மேல் வேகத்தில் இன்னொரு வரம்பு இருக்கிறது. 4 சிலிண்டர் இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 200 பொறி கேட்கிறது, அதாவது 5 மில்லிசெகண்டுக்கு ஒன்று. அதில் மூன்றில் இரண்டு பங்குதான் காயில் நிரம்பக் கிடைக்கும். 4 சிலிண்டருக்கு இது பரவாயில்லை. 8 சிலிண்டரில் அந்த நேரமும் பாதியாகிவிடும்.

மறைந்திருக்கும் செலவு உங்கள் நேரம்தான். அதோடு இப்போது வரும் மாற்றுச் சாமான்களின் தரம். மலிவான கண்டென்சர் சூடேறியதும் கைவிடும். ரோட்டார் என்பது கேப்புக்குள் சுற்றிப் பொறியை ஒவ்வொரு பிளக் வயருக்கும் தரும் பாகம். பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்த சில ரோட்டார்களில் பொறி அந்த ரிவெட் வழியே ஷாஃப்டுக்குப் பாய்ந்துவிடும். ரிவெட் இல்லாத ரோட்டார் தேடி வாங்குவது பழைய கார்க்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

அசல் நிலையை வைத்து மதிப்பெண் போடும் காட்சிகளுக்குப் போகும் கார், வருடத்தில் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார், மாற்றம் செய்யாத இன்ஜின்: இவற்றுக்கு இதுவே போதும். நல்ல கடையில் புஷ் மாற்றி, ஸ்பிரிங் பார்த்து, டெஸ்ட் மெஷினில் ஏற்றி வளைவைச் சரிபார்த்த டிஸ்ட்ரிபியூட்டர், தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வைத்த எலக்ட்ரானிக் மாட்யூலை விட நன்றாக ஓடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

## வழி 2: பாயிண்ட்டுக்குப் பதில் மாட்யூல்

பெர்ட்ரானிக்ஸ், லூமினிஷன் போன்றவை இந்த வகை. ரோட்டாருக்குக் கீழே ஒரு காந்த வளையமோ ஒளியை மறைக்கும் சக்கரமோ உட்காரும். பாயிண்ட் இருந்த இடத்தில் சென்சார் வரும். வெளியே ஒயர் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. மாட்டி முடித்ததும் டைமிங்கைத் திரும்ப வைக்க வேண்டும், ஏனென்றால் தூண்டும் இடம் மாறியிருக்கும்.

தேய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதால் வைத்த டைமிங் நகராது. புஷ் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் பாயிண்ட் அளவுக்கு ஆட்டம் காட்டாது. அவ்வளவுதான் லாபம். வளைவு அதேதான். தட்டும் இன்ஜின் தட்டிக்கொண்டேதான் இருக்கும்.

செலவுப் பட்டியல்தான் இங்கே நீளம். காயிலின் உள் எதிர்ப்பு மாட்யூலுக்குப் பொருந்த வேண்டும். 3 ஓம் கேட்கும் மாட்யூலுக்கு 1.5 ஓம் காயிலை நேரடியாகக் கொடுத்தால் அதிகக் கரண்ட் ஓடி மாட்யூல் வெந்துவிடும். காயிலுக்கு வோல்ட்டைக் குறைக்கும் பேலாஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும் கார்களில் மாட்யூலுக்கு முழு 12 வோல்ட் தனி ஒயரில் போக வேண்டும். செம்புக் கம்பி பிளக் வயர் கிளப்பும் இரைச்சலில் சென்சார் தடுமாறும். ரெசிஸ்டன்ஸ் வயர் போட வேண்டும். காயில் வழியே ஓடும் கரண்டை எண்ணும் பழைய ஸ்மித்ஸ் ஆர்பிஎம் மீட்டர் சிலவற்றில் முள் தாறுமாறாக ஆடும். பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம் பாடியில் பூமியாகும் பழைய பிரிட்டிஷ் கார் என்றால், அதற்கென்றே செய்த மாட்யூல்தான் வாங்க வேண்டும். மாற்றி இணைத்தால் அந்த நொடியே போய்விடும்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டியிருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ரேடியோ கேட்க இக்னிஷன் சாவியை ஆனிலேயே விடுவது. ஆரம்ப வகை மாட்யூல்கள் பல இப்படித்தான் செத்தன.

மாட்யூல் சாகும்போது சொல்லிவிட்டுச் சாகாது. பாயிண்ட் மெல்ல மெல்ல மோசமாகும். மாட்யூல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். பாயிண்ட்டும் கண்டென்சரும் முன்கூட்டியே இடைவெளி வைத்துப் பூட்டிய பழைய தட்டு ஒன்றைத் துணியில் சுற்றி டிக்கியில் போட்டு வையுங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவர், பதினைந்து நிமிடம், வீடு வந்துவிடலாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு, யாரும் அதிகம் பேசுவதில்லை. பாயிண்ட்டை வைத்துக்கொண்டே, காயில் கரண்டை ஒரு டிரான்சிஸ்டர் பெட்டி துண்டிப்பது. பாயிண்ட் வழியே சிறு கரண்ட்தான் ஓடும் என்பதால் முகம் கருகாது. பெட்டி போனால் ஒயரை மாற்றிக் குத்திவிட்டுப் பழையபடி ஓடலாம். குதிகால் தேய்வது மட்டும் தொடரும்.

## வழி 3: புரோகிராம் செய்யக்கூடிய டிஸ்ட்ரிபியூட்டர்

வளைவையே மாற்றும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. நெதர்லாந்தில் செய்யப்படும் 123இக்னிஷன் இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். பார்க்கப் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் போலவே இருக்கும். உள்ளே எடைத்துண்டும் இல்லை, டயாஃப்ரமும் இல்லை. ஷாஃப்டின் வேகத்தை எலக்ட்ரானிக்ஸ் அளக்கிறது. வாக்குவம் ஹோஸ் ஓர் அழுத்த சென்சாருக்குப் போகிறது. எந்த வேகத்தில், எந்தச் சுமையில் எத்தனை டிகிரி என்பது நீங்கள் எழுதும் வளைவு. சில மாடல்களில் பல இன்ஜின்களுக்கான வளைவுகள் முன்பே ஏற்றப்பட்டிருக்கும், ஒரு சிறு சுவிட்சைத் திருப்பித் தேர்ந்தெடுத்தால் போதும். டியூன் என்ற வகைகளில் கம்ப்யூட்டரிலோ, புளூடூத் வழியாகப் போனிலோ வளைவை வரையலாம்.

வளைவை எழுத உட்காரும்போது முதல் தப்பு வொர்க்‌ஷாப் மேனுவலைப் படிப்பதில் நடக்கிறது. பழைய மேனுவல்கள் பலவற்றில் அட்வான்ஸ் அட்டவணை டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் டிகிரி, ஆர்பிஎம் இரண்டையும் இரட்டிக்க வேண்டும். "1500-இல் 12 டிகிரி" என்று போட்டிருந்தால், கிராங்கில் அது 3000-இல் 24 டிகிரி. அதன் மேல் ஸ்டாட்டிக் (இன்ஜின் நிற்கும்போது வைத்த) 8 டிகிரி சேர்ந்தால் மொத்தம் 32. ஒன்றை இரட்டித்து இன்னொன்றை விட்டுவிட்டால், ஒன்று கார் மாட்டு வண்டி போல நகரும், இல்லை பிஸ்டன் ஓட்டையாகும்.

அசல் வளைவை அப்படியே ஏற்றி ஒரு வாரம் ஓட்டுங்கள். அப்புறம்தான் கைவைக்க வேண்டும். நான் முதலில் தொடும் இடம் ஐடில். 900-இல் 10 டிகிரி, 600-இல் 14 டிகிரி என்று கீழ்ப்பக்கம் வளைவைத் தூக்கி வைத்தால், ஐடில் சரியும்போது அட்வான்ஸ் கூடி இன்ஜின் தன்னைத்தானே தூக்கி நிறுத்திக்கொள்ளும். ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்துக்கு மட்டும் இதைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் உதைக்கும். எடைத்துண்டால் இந்த வளைவு முடியவே முடியாது. வேகம் குறைந்தால் அதற்கு அட்வான்ஸும் குறையத்தான் தெரியும்.

அடுத்தது மேடு. பக்கத்தில் ஒருவரை போனோடு உட்கார வைத்து, டாப் கியரில் 2000 ஆர்பிஎம், முழு ஆக்சிலரேட்டர். தகரடப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியது போல் சத்தம் வருகிறதா? அந்த இடத்தில் 2 டிகிரி குறை. திரும்ப அதே மேடு. பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் இதற்காக மொத்த டைமிங்கையும் பின்னால் தள்ளி, மற்ற எல்லா வேகத்திலும் இழுவையை இழந்துகொண்டிருந்தோம். இங்கே தட்டும் இடத்தை மட்டும் தொடலாம்.

ஆனால் காது கேட்பது கீழ் வேகத்தில்தான். 4500-க்கு மேல் தட்டினாலும் இன்ஜின் இரைச்சலில் கேட்காது, இந்த டிஸ்ட்ரிபியூட்டர்களில் தட்டுவதை உணரும் நாக் சென்சாரும் கிடையாது. அதனால் மேல் வேகத்தில் மேனுவல் சொன்ன மொத்த அட்வான்ஸைத் தாண்டப் போவதாக இருந்தால் ரோலிங் ரோடில் (சக்கரத்தை உருளைமேல் ஓட்டி அளக்கும் மெஷின்) ஏற்றிப் பார்க்க வேண்டும். மறைந்திருக்கும் செலவு அது.

வாக்குவம் இல்லாத பழைய டிஸ்ட்ரிபியூட்டர் போட்ட கார்களுக்கு இதில் கிடைக்கும் லாபம் தனி. ஃபோக்ஸ்வேகன் பீட்டில்காரர்களுக்கு பாஷ் 009 தெரிந்திருக்கும். வேகத்தை மட்டும் பார்க்கும் டிஸ்ட்ரிபியூட்டர் அது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் தயங்கும். கார்புரேட்டரை எத்தனை திருகினாலும் போகாத அந்தத் தயக்கம், சுமையைப் பார்க்கும் வளைவு வந்ததும் பெரும்பாலும் குறைந்துவிடும்.

இதன் வரம்பு ஓட்டும் பல்லில் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது அதே கேம் ஷாஃப்ட், அதே செயின், அதே கியர். அங்கே தளர்ச்சி இருந்தால் எவ்வளவு நுணுக்கமாக எழுதினாலும் கோடு ஆடும். ரோட்டார், கேப் தேய்மானமும் தொடரும். வழியில் போனால் ரோட்டோரத்தில் திறந்து பார்க்க உள்ளே ஒன்றும் இல்லை. பழைய டிஸ்ட்ரிபியூட்டரை முழுசாக டிக்கியில் வைத்திருக்க வேண்டும்.

## வழி 4: கிராங்க் சென்சாரும் மேப்பும், டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாமல்

1979-இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் பாஷ் மோட்ரானிக் வந்தபோதே, மேப்பை (வேகம், சுமை இரண்டுக்கும் சேர்த்து எத்தனை டிகிரி என்ற அட்டவணை) வைத்து டைமிங் போடும் வேலை தொழிற்சாலைக் கார்களுக்கு வந்துவிட்டது. அதைப் பழைய இன்ஜினில் கொண்டுவருவதுதான் இது. கிராங்க் புல்லியில் 36 பல் இடத்தில் 35 பல் உள்ள சக்கரம், பக்கத்தில் ஒரு சென்சார். பல்லுக்குப் பல் 10 டிகிரி. இல்லாத பல்லை வைத்து மேல் முனை எங்கே என்று பெட்டி கண்டுபிடிக்கும். ஃபோர்டின் இடிஐஎஸ் என்ற இக்னிஷன் மாட்யூலும் அதற்கு மேப் கொடுக்கும் மெகாஜோல்ட் என்ற பெட்டியும் சேர்ந்தது பிரபலமான ஜோடி. இதில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு: மேப் கொடுக்கும் பெட்டி செத்தாலும், இடிஐஎஸ் தானாக 10 டிகிரியில் பொறி போட்டுக்கொண்டே இருக்கும். மெதுவாக வீடு சேரலாம்.

துல்லியத்தில் இதை எதுவும் நெருங்காது. கிராங்கிலேயே அளப்பதால் செயின் தளர்ச்சி கணக்கில் வராது. 4 சிலிண்டருக்கு இரட்டை வெளியீடு கொண்ட இரண்டு காயில். ஒவ்வொன்றும் சுற்றுக்கு ஒரு பொறிதான் என்பதால் 6000 ஆர்பிஎம்மிலும் 10 மில்லிசெகண்ட் கிடைக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி கார்புரேட்டர் தொண்டை இருக்கும் இன்ஜின்களில் வாக்குவம் துடிக்கும், நம்ப முடியாது. அங்கே ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்கும் சென்சாரை வைத்தே மேப் எழுதலாம். பந்தயக் கேம் போட்டவர்கள் இதற்குப் போவது இதனால்தான்.

செலவு பெட்டியில் இல்லை, கைவேலையில் இருக்கிறது. சக்கரம் ஆடாமல் புல்லியின் மையத்தில் உட்கார லேத் வேலை வேண்டும்; நழுவும் டேம்பரின் வெளி வளையத்தில் பொருத்தினால் எல்லாம் வீண். சென்சார் பிராக்கெட் அதிராமல் கெட்டியாக இருக்க வேண்டும். 4 சிலிண்டர் இடிஐஎஸ்ஸில், இன்ஜின் மேல் முனைக்கு 90 டிகிரி முன்னால் நிற்கும்போது இல்லாத பல் சென்சாருக்கு நேரே வர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த ஓட்டையை மூட வேண்டும். சில இன்ஜின்களில் அதே ஷாஃப்ட்தான் ஆயில் பம்பையும் ஓட்டுகிறது என்பதால் வெறுமனே கழற்றிவிட முடியாது. ஒயரிங் புதிதாக இழுக்க வேண்டும். திரும்பப் பழையபடி ஆக்குவது சாத்தியம்தான், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியாது.

சக்கர வேலையைத் தவிர்க்கப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் எடைத்துண்டைப் பூட்டி, அதையே சென்சாராக வைத்து மேப் பெட்டியால் ஓட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். ஒரே காயில், அதே ரோட்டார் என்றால் கவனம். கிராங்கில் 30 டிகிரி அட்வான்ஸ் என்பது ரோட்டாரில் 15 டிகிரி. முன்பு ரோட்டாரையும் சேர்த்து எடைத்துண்டு திருப்பியது. இப்போது அது திரும்பாது. பொறி விழும் நேரத்தில் ரோட்டார் முனை கேப்பின் முனைக்கு எட்டாமல் நிற்கும், பொறி பக்கத்து முனைக்குத் தாவும். பழைய கேப் ஒன்றில் ஓட்டை போட்டு டைமிங் லைட்டால் உள்ளே பார்த்து, நடு அட்வான்ஸில் ரோட்டார் நேரே வருமாறு வைத்தால் சமாளிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | பாயிண்ட் | மாட்யூல் | புரோகிராம் டிஸ்ட்ரிபியூட்டர் | கிராங்க் சென்சார் |
|---|---|---|---|---|
| டைமிங் நிலையாக நிற்பது | தேயத் தேய நகரும் | நிற்கும் | நிற்கும், செயின் ஆட்டம் தெரியும் | மிகத் துல்லியம் |
| வளைவை மாற்றுவது | ஸ்பிரிங் மாற்றி மட்டும் | ஸ்பிரிங் மாற்றி மட்டும் | முடியும் | முழு மேப் |
| ரோட்டோரத்தில் சரிசெய்வது | எளிது | பழைய தட்டு இருந்தால் | பழைய டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் | கடினம் |
| கூடவே வரும் செலவு | நேரம், நல்ல சாமான் | காயில், வயர், மீட்டர் | ரோலிங் ரோடு | லேத், ஒயரிங், டியூனிங் |
| பழையபடி ஆக்குவது | தேவையில்லை | அரை மணி | ஒரு மணி | பல நாள் |

## என்னிடம் கேட்டால்

இன்ஜின் அசல், டிஸ்ட்ரிபியூட்டர் நல்ல நிலை, பாயிண்ட் சரிசெய்வதுதான் அலுப்பு என்றால் மாட்யூல் போதும். தினமும் ஓட்டும் கார், டிஸ்ட்ரிபியூட்டர் தேய்ந்துவிட்டது, புதுப்பிக்கும் செலவும் புதியதன் விலையும் கிட்டத்தட்ட வருகிறது என்றால் யோசிக்காமல் புரோகிராம் டிஸ்ட்ரிபியூட்டர். சிலிண்டர் தலையைச் சீவி கம்ப்ரெஷன் ஏற்றியவர்களும் கேம் மாற்றியவர்களும் மேனுவலில் இருக்கும் அசல் வளைவை நம்ப முடியாது. அவர்களுக்கு மூன்றாவதோ நான்காவதோதான். செயின் தளர்ந்த இன்ஜினில் கோடு ஆடுவதை மறைக்க நான்காவதுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் செயினை மாற்றட்டும். வால்வு டைமிங்கும் அதே செயினில்தான் தொங்குகிறது.

எதைப் போட்டாலும், மாட்டுவதற்கு முன் 1000, 1500, 2000 என்று ஒவ்வொரு 500 ஆர்பிஎம்முக்கும் இப்போதைய அட்வான்ஸை லைட்டால் அளந்து ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். வாக்குவம் ஹோஸோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை. புது சாமான் சரியில்லை என்று தோன்றும் நாளில், அது உண்மையா இல்லை மனப்பிரமையா என்று அந்தக் காகிதம்தான் சொல்லும்.